"இன்னைக்கு கரண்ட் இல்ல, போய் தண்ணி குடிச்சுட்டு வாங்க!"

புற்றுநோய்க்கு கதிர் வைக்கும் முன் தினமும் படம் பிடிப்பது ஏன்?

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். காலை மணி 10.

சுவர் ஓரமாக வரிசையாக நாற்காலிகள். 15, 20 பேர் உட்கார்ந்து இருக்கிறார்கள். பாதிப் பேர் கையில் தண்ணீர் பாட்டில். எல்லோருடைய கண்ணும் அந்தக் கனமான கதவு மேல்.

இவர்கள் எல்லோரும் "கரண்ட்" வைக்க வந்தவர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஊரில் அதுதான் பெயர்.

உள்ளே போன பெரியவர் ஒருவர் 10 நிமிடத்தில் வெளியே வந்து விட்டார். முகத்தில் கோபம்.

"என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று மனைவி எழுந்தார்.

"எங்க முடிஞ்சுது? படுக்க வெச்சு படம் புடிச்சாங்க. மூத்திரப்பை காலியா இருக்காம். அரை லிட்டர் தண்ணி குடிச்சுட்டு முக்கால் மணி நேரம் கழிச்சு வரணுமாம்!"

பெரியவருக்கு வயது 68. பெரம்பூரில் இருந்து 2 பஸ் மாறி வருகிறார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். 20 நாள் சிகிச்சையில் அன்று 6-வது நாள்.

வீட்டில் இருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடித்து விட்டு வரலாம் அல்லவா?

"எப்படிங்க குடிக்கிறது? இந்த வியாதிக்காரனுக்கு அடக்க முடியாது. பஸ்ல நடுவழியில வந்துடுச்சுன்னா எங்க போவேன்? அதான் காலையில இருந்து ஒரு வாய் காபி கூட குடிக்கல" என்றார்.

முந்தின நாள் நடந்தது வேறு கதை. அன்று மூத்திரப்பை நிறைந்துதான் இருந்தது. ஆனால் குடலில் வாயு! முதல் நாள் இரவு மொச்சைக்கொட்டைக் குழம்பு. அன்றும் வெளியே அனுப்பி, 1 மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள்.

இது அலைக்கழிப்பா? அவருடைய மனைவி அப்படித்தான் நினைத்தார். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேரும் அப்படித்தான் தலையாட்டினார்கள்.

உண்மை வேறு. அந்த இரண்டு நாளும் அவரை வெளியே அனுப்பியதுதான் அவருக்குச் செய்த பெரிய உபகாரம்!

கரண்ட் அல்ல

முதலில் ஒரு விஷயம். இது கரண்ட் அல்ல. மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வது இல்லை. ஷாக் அடிக்காது. சுடாது. வலிக்காது.

எலும்பு முறிந்தால் எடுக்கிறார்களே எக்ஸ்ரே, அதே ஜாதிதான். சக்தி மட்டும் பல மடங்கு. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க சுமார் 1 லட்சம் வோல்ட் போதும். புற்றுநோய்க்கு வைக்கும் கதிர் 60 லட்சம் வோல்ட் வரிசையில் உள்ளது. அதனால்தான் கதிர் நேராகப் படும் சுவரை 2 மீட்டர் கனத்துக்கு கான்கிரீட்டில் கட்டுகிறார்கள். கீழ்த்தளத்தில் வைப்பதும் அதற்காகத்தான்.

இந்தக் கதிர் புற்றுநோய் செல்லின் உள்கட்டுமானத்தை உடைக்கிறது. அந்த செல் மேற்கொண்டு பெருக முடியாமல் சாகிறது.

ஆனால் கதிருக்கு நல்லது கெட்டது தெரியாது. புற்றுநோய் மேல் பட்டால் புற்றுநோய் சாகும். பக்கத்தில் இருக்கும் குடல் மேல் பட்டால் குடல் புண்ணாகும். மூத்திரப்பை மேல் பட்டால் எரிச்சல், ரத்தம்.

ஆகவே, எங்கே படுகிறது என்பதுதான் விஷயம்.

ஓடும் குறி

"நோயாளி அசையாமல் படுத்து இருக்கிறாரே, குறி எப்படித் தப்பும்?" என்று கேட்கலாம்.

ஆள் அசையாமல் இருக்கலாம். உள்ளே இருப்பது அசையாமல் இருப்பது இல்லை!

புராஸ்டேட் என்பது ஏறக்குறைய ஒரு வால்நட் கொட்டை அளவில் உள்ள சுரப்பி. அதற்கு மேலே மூத்திரப்பை. பின்னால் மலக்குடல். பின்னால் வாயு சேர்ந்தால் சுரப்பியை முன்னே தள்ளும். வாயு போனதும் சுரப்பி பழைய இடத்துக்குப் போகும். இந்த இழுபறியில் அது சில மில்லி மீட்டர் நகரும். சில நாட்களில் 1 செ.மீ. கூட நகர்ந்து விடும்.

பெண்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் என்றால், மூத்திரப்பை நிறைந்து இருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து கர்ப்பப்பையே சாய்ந்து நிமிரும்.

நுரையீரல் கட்டி மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் போய் வரும். கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி 1 செ.மீ., 2 செ.மீ. தூரம் கூட ஆடும்.

முதல் நாள் ஸ்கேன் எடுத்து, "கட்டி இங்கே இருக்கிறது" என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். அது அந்த ஒரு நாள் படம். அதன் பிறகு 20 நாள், 30 நாள் சிகிச்சை. ஒவ்வொரு நாளும் கட்டி அதே இடத்தில் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

எலுமிச்சம்பழக் கணக்கு

குறி ஓடுகிறது என்றால் டாக்டர்கள் என்ன செய்வார்கள்? கட்டியைச் சுற்றி கொஞ்சம் இடம் சேர்த்து, அகலமாகக் கதிர் வைப்பார்கள். எப்படி நகர்ந்தாலும் உள்ளே விழட்டும் என்று!

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. கடைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கட்டி ஒரு எலுமிச்சம்பழம் அளவு என்று வைத்துக் கொள்ளுங்கள். 4 செ.மீ. உருண்டை. அதன் கன அளவு சுமார் 33 மில்லி.

சுற்றிலும் 1 செ.மீ. சேர்த்தால் 6 செ.மீ. உருண்டை ஆகிறது. 1 செ.மீ.தானே என்று நினைக்காதீர்கள். கன அளவு 113 மில்லி! அதாவது 33 மில்லி நோய்க்காக 80 மில்லி நல்ல சதை கதிரில் வேகிறது.

சுற்றிலும் 3 மில்லி மீட்டர் மட்டும் சேர்த்தால்? மொத்தம் சுமார் 51 மில்லிதான். நல்ல சதை 18 மில்லி.

80 எங்கே, 18 எங்கே?

ஆனால் 3 மில்லி மீட்டரோடு நிறுத்திக் கொள்ள வேண்டும் என்றால், கட்டி அன்றைக்கு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே தெரிய வேண்டும். அதற்குத்தான் படம்.

ஆஸ்பத்திரி பில்லில் "ஐ.ஜி.ஆர்.டி." என்று போட்டு இருப்பார்கள். அதன் அர்த்தம் இதுதான்: படம் பார்த்துக் கதிர் வைக்கும் முறை.

அந்தக் காலத்தில்

எக்ஸ்ரே கதிரை ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டுபிடித்தது 1895-ம் ஆண்டு. கனடாவில் கோபால்ட் எந்திரத்தால் நோயாளிகளுக்கு சிகிச்சை ஆரம்பித்தது 1951-ல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவான அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் 1950-களிலேயே கோபால்ட் எந்திரம் வந்து விட்டது.

அப்போது குறி வைப்பது எப்படி? தோலில் மையால் கோடு போடுவார்கள். "இந்தக் கோடு அழியக் கூடாது. அந்த இடத்தில் சோப்பு போடாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். சென்னை வெயிலில் வியர்வைக்கு மை எத்தனை நாள் நிற்கும்? பின்னால் சின்னப் புள்ளியாக பச்சை குத்தும் வழக்கமும் வந்தது.

கோடு தோலில். நோய் உள்ளே. தோல் இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே சுரப்பி நகர்ந்து போய் இருக்கும்.

சரியாகப் படுகிறதா என்று பார்க்க வாரம் ஒரு முறை பிலிமில் படம் எடுப்பார்கள். பிலிமை இருட்டறையில் கழுவி, காய வைத்து, டாக்டர் பார்ப்பதற்குள் நோயாளி பஸ் ஏறி வீட்டுக்குப் போய் இருப்பார்! தப்பு இருந்தால் மறுநாள்தான் திருத்த முடியும்.

எந்திரத்திலேயே ஸ்கேன்

உடம்பின் உள்ளே குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971-ல், லண்டனில். அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஸ்கேன் எந்திரம் ஒரு அறையில், கதிர் எந்திரம் வேறு அறையில். நோயாளி எழுந்து நடந்து வருவதற்குள் குறி மாறி விடும்.

அப்படியானால் கதிர் எந்திரத்திலேயே ஸ்கேனை மாட்டினால் என்ன?

அமெரிக்காவில் டேவிட் ஜாப்ரே என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் செய்து காட்டி, 2002-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் அத்தகைய எந்திரங்கள் விற்பனைக்கு வந்து விட்டன.

எந்திரத்தின் பக்கவாட்டில் இரண்டு கைகள் நீளும். ஒரு கையில் எக்ஸ்ரே குழாய். எதிர்க் கையில் படம் வாங்கும் தட்டு. இரண்டும் நோயாளியை 1 நிமிடத்தில் சுற்றி வரும். உடனே வெளியே உள்ள டி.வி.யில் அவருடைய வயிறு தெரியும்.

முதல் நாள் எடுத்த படத்தின் மேல் இன்றைய படத்தை வைத்துப் பார்ப்பார்கள். 4 மில்லி மீட்டர் இடப்பக்கம் தள்ளி இருக்கிறதா? நோயாளி படுத்து இருக்கும் கட்டில் தானாகவே 4 மில்லி மீட்டர் நகரும். பிறகுதான் கதிர்.

வயிற்றில் வாயு, காலி மூத்திரப்பை என்றால் கட்டிலை நகர்த்திப் பிரயோஜனம் இல்லை. உள்ளே எல்லாமே இடம் மாறி இருக்கும். அப்போதுதான் "இறங்குங்க அய்யா, தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்பது!

தங்கப் பொட்டு

புராஸ்டேட் சுரப்பி சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். சுரப்பிக்குள் ஊசி மூலம் தங்கத்தைப் பதித்து விடுகிறார்கள்!

ஆம், சொக்கத் தங்கம். ஒவ்வொன்றும் ஒரு அரிசியை விடச் சின்னது. சாதாரணமாக 3 பொட்டு வைப்பார்கள். தங்கம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். துருப்பிடிக்காது. உடம்பு அதை எதிர்க்காது. பொட்டு எங்கே இருக்கிறதோ அங்கே சுரப்பி. சிகிச்சை முடிந்தாலும் அதை எடுப்பது இல்லை.

மூச்சைப் பிடி

இடது மார்பில் புற்றுநோய் உள்ள பெண்களுக்கு வேறு சிக்கல். மார்புக்குப் பின்னாலேயே இருதயம்.

இவர்களை, "நல்லா மூச்சை இழுத்துப் புடிச்சுக்கோம்மா" என்கிறார்கள். நுரையீரல் காற்றால் நிறைந்ததும் இருதயம் மார்புச் சுவரை விட்டு விலகும். அந்த 20 விநாடியில் கதிர். மூச்சு விட்டால் கதிர் நின்று விடும். ஒழுங்காக இழுத்து இருக்கிறாரா என்பதை கேமரா பார்த்துக் கொண்டே இருக்கிறது.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கு முகமூடி. ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின் மேல் அழுத்துவார்கள். ஆறினதும் முக வடிவத்தில் இறுகி விடும். அதைப் போட்டுக் கட்டிலோடு பூட்டினால் தலை அசையாது.

ஆனால் 6 வாரத்தில் வாய் புண்ணாகி, சாப்பாடு இறங்காமல் ஆள் இளைத்து விடுவார். முகமூடி தொளதொளவென்று ஆகி விடும். தினமும் படம் பார்த்தால் இது தெரியும். உடனே புது முகமூடி, புதுக் கணக்கு.

127 பேர் கதை

குடலில் வாயு இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், அதற்குப் பதில் 2005-ல் வந்து விட்டது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் புராஸ்டேட் நோயாளிகள் 127 பேரை ஆராய்ந்தார்கள். இவர்களுக்குத் தினமும் படம் பார்க்காமல் கதிர் வைக்கப்பட்டு இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு கதிர்.

யாருக்கு நோய் திரும்பியது என்று பார்த்தபோது டாக்டர்களே திடுக்கிட்டார்கள். முதல் ஸ்கேன் எடுத்த அன்று யாருக்கெல்லாம் மலக்குடல் உப்பி இருந்ததோ, அவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது!

காரணம் எளிது. அன்று உப்பிய குடல் சுரப்பியை முன்னே தள்ளி இருந்தது. அந்த இடத்துக்குக் கணக்குப் போட்டு விட்டார்கள். பிறகு குடல் வடிந்தது. சுரப்பி பின்னே போனது. கதிர் மட்டும் பழைய இடத்திலேயே விழுந்து கொண்டு இருந்தது.

ஒரு நாள் வாயு. அதற்கு விலை, திரும்பி வந்த புற்றுநோய்.

37 நாள் 5 நாள் ஆனது

குறி தப்பாது என்ற தைரியம் வந்ததும் இன்னொரு நன்மை கிடைத்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பதற்குப் பதில், ஒரு நாளைக்கு அதிகக் கதிர் வைத்து நாளைக் குறைக்கலாம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு 37 நாள் வைத்த கதிரை 20 நாளில் வைத்தாலும் பலன் குறைவு இல்லை என்று இங்கிலாந்தில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் 2016-ல் தெரிந்தது. நோய் பரவாத நிலையில் உள்ள சிலருக்கு வெறும் 5 தடவையே போதும் என்று 2024-ல் இன்னொரு சோதனை முடிவு வந்தது.

தினக்கூலிக்காரருக்கு 37 நாள் எங்கே, 5 நாள் எங்கே? பஸ் காசு, கூட வரும் ஆளின் சம்பளம் எல்லாம் மிச்சம்.

லாஸ்ஏஞ்சல்சில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023-ல் வெளியானது. இந்த 5 தடவை சிகிச்சையிலேயே ஒரு பிரிவினருக்கு சி.டி. படம் பார்த்து, சுற்றிலும் 4 மில்லி மீட்டர் சேர்த்துக் கதிர் வைத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. படம் பார்த்துக் கொண்டே 2 மில்லி மீட்டர் சேர்த்து வைத்தார்கள். சிறுநீர் தொந்தரவு முதல் பிரிவில் 100-க்கு 43 பேருக்கு. இரண்டாவது பிரிவில் 100-க்கு 24 பேருக்குத்தான்.

நகையை விற்காதீர்கள்

இதை எல்லாம் படித்து விட்டு, "எவ்வளவு செலவானாலும் இந்த எந்திரத்தில்தான் வைக்க வேண்டும்" என்று நகையை அடகு வைக்க ஓட வேண்டாம்.

எல்லோருக்கும் இது தேவை இல்லை. எலும்பில் பரவி வலியால் துடிப்பவருக்கு, வலி குறைய ஒரே ஒரு தடவை கதிர் வைத்தால் பல நேரங்களில் போதும். அதற்கு மில்லி மீட்டர் கணக்கு வேண்டாம்.

படம் பிடிப்பதற்கும் கொஞ்சம் கதிர் செலவாகிறது. சிகிச்சைக் கதிரோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். ஆனாலும் தேவை இருந்தால்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. எங்கே நோய் இருக்கிறது என்று முதல் நாள் டாக்டர் வரைவது தப்பாக இருந்தால், எந்திரம் அந்தத் தப்பையே தினமும் துல்லியமாகச் செய்யும்! எந்திரத்தை விட முக்கியம், அதன் பின்னால் இருக்கும் ஆட்கள்.

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் உண்டு. கார்டு வைத்து இருப்பவர்கள், பணம் கட்டும் முன் அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

கதிர் வைத்துக் கொள்பவர்களும், கூடப் போகிறவர்களும் கவனிக்க வேண்டியவை வருமாறு:-

* தண்ணீர் குடிக்கச் சொன்னால், சொன்ன அளவு, சொன்ன நேரத்தில் குடிக்க வேண்டும். அடக்க முடியாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு குடிக்கலாம். அதற்குத் தகுந்தாற்போல் 1 மணி நேரம் முன்னதாக வர வேண்டும்.

* மலச்சிக்கல், வாயு இருந்தால் டெக்னீஷியனிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாயு பண்ணும் பதார்த்தங்களை அந்த சில வாரம் தள்ளி வையுங்கள்.

* முகமூடி, துணி தளர்வாக இருக்கிறது என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள்.

* நாள் தவற விடாதீர்கள். வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்களில் சிகிச்சை ஒவ்வொரு நாள் இழுக்கும்போதும் நோய் அடங்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் பிறகு பார்க்கலாம்.

* இந்த எந்திரத்தில் கதிர் வைத்துக் கொண்டவர் உடம்பில் கதிர் தங்குவது இல்லை. அவரிடம் இருந்து யாருக்கும் பரவாது. பேரக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

ரிஜிஸ்டர்

மணி 11-30. பெரம்பூர் பெரியவரை மறுபடி கூப்பிட்டார்கள்.

அவர் ஓய்வு பெற்ற ஆப்செட் மிஷின்மேன். திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் 30 வருடம் காலண்டர் அச்சடித்தவர்.

டெக்னீஷியன் பையன் அவரை டி.வி. முன்னால் நிறுத்தி, முதல் நாள் படத்தையும் காலையில் எடுத்த படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டினான். இரண்டும் ஒட்டவில்லை. ஓரம் பிசகி, நிழல் போல் இரட்டையாகத் தெரிந்தது.

பெரியவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அட, ரிஜிஸ்டர் அவுட்!" என்றார்.

நாலு கலர் அச்சில் ஒரு கலர் மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு விட்டு, மிஷினை நிறுத்தி, சரி பண்ணி விட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள்.

"தம்பி, இதை மொத நாளே சொல்லி இருந்தா நான் கோவிச்சுக்கிட்டே இருக்க மாட்டேனே. தப்பாப் போன தாளைக் கிழிச்சுடலாம். ஆளை எப்படிக் கிழிக்கிறது?" என்று சொல்லி விட்டுப் போய்ப் படுத்தார்.

படம் ஒட்டியது. கதிர் வைத்தது 3 நிமிடம். வெளியே வந்தவர் நேராகக் கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்து மனைவியிடம் சொன்னார்:

"நாளையில இருந்து ஒம்பதரைக்கே வந்துடலாம். இங்க வந்து தண்ணி குடிச்சுக்கறேன். பாட்டிலை மறந்துடாதே."

அவருக்கு இன்னும் 14 நாள் இருக்கிறது.